டாக்டர் ஆலின்சன்

ஆரணியில் தறிக்குழியில் அமர்ந்து நெய்யும் ஒருவருக்கு நீரிழிவு என்றதும், இன்ன தானியம் உண்டால் மாத்திரையே வேண்டா என்னும் துண்டுத்தாள் கைக்கு வந்துவிடுகிறது. புலால் மறுத்த நம் குடும்பங்களில் அத்தகைய சொல்லுக்கு மதிப்பு சற்று அதிகம். நம் உணவை மருத்துவர் ஒருவர் புகழ்ந்தால் மனம் குளிர்கிறது, ஆராயத் தோன்றுவதில்லை. ஆதலின் தாமஸ் ஆலின்சனின் வரலாற்றை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

1858-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிறந்த இவர், எடின்பரோவில் மருத்துவம் கற்று, லண்டனில் தொழில் நடத்தினார். புலாலைத் துறந்தார். தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, காய்கனி, நடை, தூய காற்று ஆகியவையே அவர் தந்த மருந்துகள். வெண்மாவையும் புகையிலையையும் அந்நாளிலேயே சாடினார். இவற்றில் அவர் கண்டது சரியே. ஆனால் அம்மை குத்துதலையும் எதிர்த்தார், அது பெரும்பிழை.

கருத்தடை பற்றி எழுதியமைக்காக 1891-இல் லண்டன் மரக்கறி உணவோர் சங்கம் அவரை விலக்க முற்பட்டது. அச்செயற்குழுவிலிருந்த இளைஞர் காந்தி, ஆலின்சனின் கருத்தை ஏற்காதவர். எனினும் புலால் மறுத்தலே சங்கத்தின் நோக்கமாதலின் விலக்குதல் முறையன்று என எழுதிக் கொணர்ந்தார். படிக்க நா எழவில்லை, பிறர் படித்தனர். ஆலின்சன் தோற்றார்.

பெருந்தோல்வி அடுத்து வந்தது. பிற மருத்துவரையும் அவர்தம் மருந்துகளையும் இகழ்ந்து, தம்மிடம் வருமாறு விளம்பரம் செய்தார் என்று 1892-இல் மருத்துவப் பேரவை அவர் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கியது. 1894-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. உணவுக் கொள்கைக்காகவே தண்டித்தனர் என்று நாம் வருந்தவேண்டியதில்லை. அதே 1892-இல் அவர் மாவு அரைக்கும் நிறுவனமும் தொடங்கியிருந்தார். ரொட்டியைப் பரிந்துரைத்தவரும் அதற்கு மாவு விற்றவரும் ஒருவரே! நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், மருத்துவர் விளம்பரத்தால் நோயாளரைத் தம்பால் ஈர்த்தலைத் தடுக்கின்றன.

1914-இல் காந்தியடிகள் லண்டனில் மார்புச்சவ்வு அழற்சியால் நலிந்தார். மருத்துவம் பார்த்த ஜீவராஜ் மேத்தா, பாலும் தானியமும் உண்ணுமாறு மன்றாடினார், அடிகள் இசையவில்லை. பின்னர் வந்த ஆலின்சனோ பால் வேண்டியதில்லை, சில நாள் கொழுப்பையே விலக்குக என்றார். பச்சைக் காய்களைத் துருவி உண்ணச் சொன்னார். அப்பட்டியலில் வெங்காயமும் முள்ளங்கியும் இருந்தன; நம் வீட்டுப் பெரியோர் அதைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பர். நோய் சற்றுத் தணிந்ததேயன்றி நீங்கவில்லை. தம் சொற்படி நடந்தால் குணமாக்குவதாக ஆலின்சன் மட்டும் உறுதி கூறிவந்தார். தாயகம் திரும்புதலே நலம் என்று நண்பர் உரைக்க, அடிகள் அவ்வாண்டு டிசம்பரில் கப்பலேறினார்.

ஆலின்சன் 1918-இல் மறைந்தார். இங்கிலாந்தில் அவர் பெயர் தாங்கிய மாவு இன்றும் விற்பனையாகிறது.