தோடர்களின் ரகசியம் கேட்ட டாக்டர்... ஊட்டியில் ரிவர்ஸுக்கு என்ன நடந்தது?

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறினால் தோடர் மந்து ஒன்று இருக்கு. அங்கே போய் செல்ஃபி எடுக்கும் டூரிஸ்ட்டுகள் நிறைய. வெளியாட்கள் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கதை சொல்வது தோடர்களுக்குப் புதுசு இல்லை. 1603-ல் கோழிக்கோட்டிலிருந்து மலையேறிய இத்தாலியப் பாதிரியார் ஃபெனிசியோ காலத்துப் பழக்கம் அது. ஆனா, அப்படி வந்தவர்களில் அதிகம் பேசப்படுபவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ்.

யார் இவர்?

1864-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். படித்தது மருத்துவம், கேம்பிரிட்ஜில் உளவியல் பாடம் எடுத்தார். 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தார. யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சாவளியை எழுதிவைத்தே ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ளலாம் என்ற முறையை அங்கேதான் உருவாக்கினார்.

நீலகிரியில் என்ன செய்தார்?

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து சில மாதங்கள் தங்கினார். அப்போது தோடர்கள் சுமார் 800 பேர்தான். எருமை, பால் கோயில், கல்யாணம், சாவுச் சடங்கு என ஒன்றுவிடாமல் கேட்டார். தோடர் மொழி தெரியாததால் எல்லாமே மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான்.

சிக்கல் எங்கே வந்தது?

புனித இடங்களைக் காட்டிய ஒருவர் நோயில் விழுந்தார். முக்கியமான சடங்கை விளக்கிய இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். ரகசியத்தை அந்நியரிடம் சொன்னதால் வந்த தெய்வக் குற்றம் என்றார்கள் குறி சொல்பவர்கள். அதோடு பலர் வாயை மூடிக்கொண்டார்கள். இதை மறைக்காமல் ரிவர்ஸே எழுதிவைத்தார். 1906-ல் வெளியான 'தி தோடாஸ்' 700 பக்கங்களைத் தாண்டியது.

எல்லாம் சரியாக எழுதினாரா?

இல்லை. தந்தைவழிக் குலங்களைப் பதிவு செய்தவர், தாய்வழிக் குலங்களைத் தவறவிட்டார். 1930-களில் தோடர் மொழியையே கற்ற எமனோ அதைக் கண்டுபிடித்தார்.

பிறகு?

முதல் உலகப் போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு ஸ்காட்லாந்து மருத்துவமனையில் சிகிச்சை தந்தார். கவிஞர் சசூன் அவர்களில் ஒருவர். அவர்களைப் பேசவைத்துக் கேட்பதுதான் அவர் வைத்தியம். 1922-ல் காலமானார்.

ரிவர்ஸுக்குப் பெயர் கிடைத்தது. சொன்னவர்களுக்கோ பயமும் பழியும் மிஞ்சியது. அடுத்த தடவை மந்துக்குப் போனால், கேமராவை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே!