ஓமந்தூராரும் எழுத்துரிமையும்

தென்னார்க்காட்டு மண் ஈன்றெடுத்த சான்றோர்களுள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சிறப்பிடம் பெற்றவர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895ஆம் ஆண்டு உழவர் குடியில் தோன்றிய அவர், விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1947ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை மாகாண முதலமைச்சரானார். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாண ஆட்சி அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஆலய நுழைவு, தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு ஆகிய சட்டங்கள் அவர் காலத்தில் எழுந்தவை. இவை பலரும் அறிந்த செய்திகளே. எழுத்துக்கும் பள்ளிக் கல்விக்கும் அவ்வாட்சி செய்தது யாது என்பதையே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நம் கோலியனூர் வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை புதுச்சேரியை அடைகிறது. ஆங்கிலேயர் அடக்குமுறைக்குத் தப்பி, பாரதியார் 1908 முதல் 1918 வரை அந்நகரில் தங்கியிருந்தார். அவர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரும் அச்சம் நீங்காத அரசு, 1928இல் அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதனை வன்மையாக எதிர்த்தார். பிற்காலத்தில் அப்பாடல்களுக்கு வேறொரு கட்டு நேர்ந்தது. அவற்றின் பதிப்புரிமை தனியார் உடைமையாயிற்று. 1949இல் ஓமந்தூராரின் அரசு அவ்வுரிமையைப் பெற்று நாட்டுடைமையாக்கியது. பாரதியாரின் துணைவியாருக்கும் புதல்வியர் இருவருக்கும் தலா 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஓர் அரசு பறிமுதல் செய்த பாடல்களை மற்றோர் அரசு மக்களுக்கு உரியனவாக்கிய இச்செயல் போற்றுதற்குரியது.

எனினும் மறுபக்கத்தை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. அதே அரசு 1948இல் கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கவும் முற்பட்டது. பெரியார், மறைமலையடிகள், திரு.வி.க. முதலியோர் ஓரணியில் நின்று எதிர்த்தனர். மறியல் செய்த தொண்டர்கள் சிறைப்பட்டனர். இறுதியில் அக்கட்டாயம் கைவிடப்பட்டது.

ஓமந்தூராரின் நேர்மையை அவர்தம் எதிரிகளும் ஐயுற்றதில்லை. தம் கட்சியினரே முரண்பட்டபோது, 1949 ஏப்ரலில் பதவியைத் துறந்தார். வள்ளலார் நெறியில் தோய்ந்த அவர், வடலூரில் கல்விப் பணியும் ஆதரவற்றோர் பணியும் ஆற்றி, 1970இல் மறைந்தார்.

இவர் வாழ்வினின்று நாம் பெறும் பாடம் யாது? ஆள்வோரின் தூய்மை ஒன்றே எழுத்துக்கும் கல்விக்கும் காவலாகிவிடாது. கறைபடாத கையும் தடையாணையில் ஒப்பமிடக் கூடும். நல்லவர் செய்ததாயினும் அடாததை அடாதென்று எடுத்துரைக்கும் மக்கள் அன்று இருந்தனர். ஆகவே அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. தடையின்றி நூல்களைப் பயிலும் வாய்ப்புப் பெற்ற நம் மாணவச் செல்வங்கள், ஓமந்தூராரின் தூய்மையையும் அவரை எதிர்த்து நின்றோரின் துணிவையும் ஒருங்கே போற்றிக் கற்பார்களாக!