சதுரங்க வீரர் சுல்தான் கான்

அந்நியக் கொடியின் கீழ் பிரகாசித்த இந்திய மேதைகளில் மீர் சுல்தான் கானை நாம் மறத்தலாகாது. பஞ்சாபிலுள்ள மீத்தா திவானாவில் பிறந்த இவர், தந்தையாரிடம் நம் நாட்டு முறையிலேயே சதுரங்கம் பயின்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். மேனாட்டு விதிகளை இவர் கற்றது வாலிபத்திலேதான்.

சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929-ல் சீமை சென்றவர், சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தைக் கைக்கொண்டார். 1932-லும் 1933-லும் அதனை மீண்டும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில், முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவே இவரிடம் தோற்றார். ஜயத்திலும் அபஜயத்திலும் இவரது சாந்தம் குலைந்ததில்லை. ஆயினும் மூன்று ஒலிம்பியாடுகளில் இவர் முதற்பலகையில் ஆடியது இங்கிலாந்துக்காகவே. திறமை நம்முடையது, பெருமை ஆண்டவர்களுடையது!

1933 முடிவில் தாயகம் திரும்பியபின் இவரைச் சர்வதேசப் பந்தயங்களில் உலகம் காணவில்லை. 1950-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டங்கள் வழங்கப்பட்டபோதும் இவர் பெயர் விடுபட்டது. 1966-ல் சர்கோதாவில் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டமோ 2024-லேதான் வந்தது. அடிமை நாட்டில் இவரது மேதைக்குத் துணை நின்றது ஒரு பிரபுவின் தயவு மட்டுமே.

1961-ல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானதும், 1988-ல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டரானதும் நம் சென்னைக்குப் பெருமை. ஆனால் பலகையும் ஆசிரியரும் இன்றிக் கிராமங்களில் மறைந்து கிடக்கும் சுல்தான் கான்கள் எத்தனையோ! அவர்கள் எந்தப் பிரபுவின் தயவையும் நாடாதிருக்கச் செய்வதே சுதந்தர நாட்டின் கடமையாகும்.