மலையகத்துக்காகக் கட்சியை விட்டவர்

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898-ல் மலாயா நாட்டு ஈப்போவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தவர். கொழும்பில் பெரிய வக்கீல். காது மந்தம். மெதுவாகத்தான் பேசுவார். இவரைத்தான் இலங்கைத் தமிழர்கள் 'தந்தை செல்வா' என்று அழைத்தார்கள்!

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த பல லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. காங்கேசன்துறை எம்.பி.யான செல்வநாயகத்துக்கு அவர்களுடைய ஓட்டு தேவையில்லை. ஆனாலும் அவர்களுக்காக வாதாடினார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்திலேயே மந்திரியானார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து, 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அப்போது அவர் கேட்டது தனி நாடு அல்ல, சமஷ்டி ஆட்சிதான். 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கா அவருடன் ஒப்பந்தம் செய்தார். புத்த பிக்குகள் எதிர்த்ததும், மறு ஆண்டே அதைக் கைவிட்டார்.

1976 மே 14. வட்டுக்கோட்டை. நோயால் தளர்ந்திருந்த செல்வநாயகத்தின் தலைமையில், வடக்கும் கிழக்கும் தனி நாடாக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவர் மலையகத்துத் தொண்டமான். அவர் இதில் சேரவில்லை. தோட்டங்கள் இருப்பதோ நடு மலைநாட்டில், சிங்களர் நடுவே. தனி நாடு வந்தாலும் அவருடைய மக்கள் எல்லைக்கு வெளியேதானே நிற்பார்கள்!

1977 ஏப்ரல் 26-ல் செல்வநாயகம் காலமானார். மறு ஆண்டு தொண்டமான் கொழும்பில் மந்திரியானார்.