ராபர்ட் பாஷ்

குடுமியான்மலைப் பாறையிலுள்ள இசைக் கல்வெட்டைக் காணச் சென்ற யாம், பொறி என்னும் சொல்லை எண்ணி வியந்து நின்றோம். கல்லில் எழுத்தமைப்பது பொறித்தல், இயந்திரமும் பொறி, தீத்துளியும் பொறி. பின்னிரண்டையும் பிரியாது பிணைத்த ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஜெர்மனி நாட்டில் உல்ம் நகரையடுத்த ஆல்பெக் என்னும் சிற்றூரில், உழவும் விடுதியும் நடத்தியவர் ஒருவரின் பன்னிரு மக்களுள் பதினொன்றாமவராக ராபர்ட் பாஷ் 1861-ஆம் ஆண்டு பிறந்தார். நுண்கருவித் தொழில் பயின்று, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உழைத்து மீண்டு, 1886 நவம்பர் 15-ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் சிறு பட்டறை திறந்தார். உடனிருந்தோர் ஒரு தொழிலாளியும் ஓர் ஏவற் சிறுவனுமே. தொலைபேசியும் மின்மணியும் அமைத்துக் கொடுத்து நெடுநாள் இடர்ப்பட்டார்.

பெட்ரோல் இயந்திரத்துக்கு உற்ற நொடியில் தீப்பொறி வேண்டும். மின்கலத்தை நம்பினால் அது தீர்ந்துபோம். அக்காலத்துச் சூட்டுக்குழாயை நம்பினாலோ, திறந்த சுடரால் தீவிபத்து நேரும். இயந்திரத்தின் இயக்கத்தினின்றே மின்சாரம் பிறப்பிக்கும் மாக்னெட்டோவை 1887-இல் பாஷ் செய்தளித்தார். அது அவர் கண்டுபிடித்ததன்று. பிறர் செய்ததை ஆராய்ந்து திருத்தியதேயாம். இதனைக் கூறுவதால் அவர் பெருமை குறையாதென்பது எம் கருத்து. 1897-இல் விரைந்து சுழலும் முச்சக்கர வண்டி யொன்றற்கு அதனைப் பொருத்த வேண்டியதாயிற்று. கனத்த சுருளை அசைப்பதை விடுத்து, இலேசான உறையொன்றை மட்டும் அசைக்கும் வழியை அவர்தம் பட்டறையிலிருந்த ஸேரிங்கர் கண்டார். 1902-இல் ஹோனால்டு என்பார் உயரழுத்த மாக்னெட்டோவையும் பொறிச்செருகியையும் அமைத்தார். தொழிலாளர்க்கு எட்டு மணி வேலையைப் பாஷ் 1906-இலேயே வழங்கினார். 1942 மார்ச் 12-ஆம் நாள் மறைந்தார்.

சாலையில் வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம். கடலில் மோட்டார் நின்றால் படகு அலைவழிப் போம். நம் கரையோரத்து வள்ளங்களில் வெளிப்புற மோட்டார் பூட்டிச் செல்வோர், அது நின்றதும் பொறியையே முதலில் தேடுவர். பெட்ரோல் ஆவி அகலும்வரை பொறுத்து, செருகியைக் கழற்றித் துடைத்து, அதன் உலோகம் இயந்திரத்தைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுப்பர். நீலப்பொறி தெறித்தால் குறை எண்ணெயில் இருத்தல் கூடும். தெறியாவிடின் வேறு செருகி இட்டுப் பார்ப்பர்; உப்பு படிந்து மின்சாரம் கசியும் கம்பியைத் துடைப்பர்; நிறுத்தும் பொத்தானின் கம்பி தேய்ந்து உலோகத்தைத் தொடுகின்றதா என்றும் நோக்குவர். பெரிய குற்றம் என்று அஞ்சிய பலவும் இக்கம்பியோடு தீர்ந்துவிடுவதுண்டு.