ஒவ்வொருவராகத் தேடிய வைத்தியர்

அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர் என்ற அறிக்கை 2025 ஏப்ரலில் வெளியானது. 2000ஆம் ஆண்டுக்கான கணக்கில் அது 150 பேருக்கு ஒருவர். சுகாதாரச் செயலாளர் ரொபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் இதனைக் கொள்ளைநோய் என்றார். அந்தச் செய்திக்குப் பின்னரே லியோ கனரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

கனர் 1894இல் இன்றைய உக்ரைனிலுள்ள ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் மருத்துவம் கற்று, 1924இல் அமெரிக்கா சென்றார். 1930இல் பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவை ஆரம்பித்தார். ஹிட்லரின் ஆட்சியில் சிக்கிய யூத வைத்தியர்கள் பலர் அமெரிக்கா வந்து சேர உதவினார்.

மேரிலாண்டில் ரோஸ்வூட் என்ற அரச இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் நீதிமன்ற ஆணைகள் மூலம் விடுவிக்கப்பட்டு, வசதியான வீடுகளில் வேலைக்காரிகளாக்கப்பட்டிருந்தனர். அவ்வாறு வெளியேற்றப்பட்ட 166 பேரில் 102 பேரைத் தேடிக் கண்டறிந்த கனர், 1937இல் அதனைப் பகிரங்கப்படுத்தினார். பலர் வறுமையிலும் நோயிலும் சீரழிந்திருந்தனர்.

1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தைத் தனி நிலையாக உலகறியச் செய்தது. ஆனால் அதற்கு அவர் வகுத்த வரையறை மிகக் குறுகியது. தன்னிடம் அனுப்பப்பட்ட பல பிள்ளைகளை ஓட்டிசம் உள்ளவர்களாக அவர் ஏற்கவில்லை. ஓட்டிசம் அரிதானது என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. பெற்றோரின் அன்பின்மை பற்றிய அவரது எழுத்தும் தாய்மாரைப் பல ஆண்டுகள் குற்றவாளிகளாக்கியது. 1969இல் பெற்றோரின் கூட்டமொன்றில், அவர்கள்மீது குற்றமில்லை என அவரே அறிவித்தார். 1981இல் காலமானார்.

அதற்கு முன்பே, 1979இல், லண்டனின் கம்பர்வெல் பகுதியில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் நடத்திய ஆய்வு, கனரின் வரையறைக்குள் அடங்காத பிள்ளைகள் பலர் இருப்பதைக் காட்டியது. பின்னர் வரையறை விரிந்தது, பரிசோதனைகளும் பெருகின. எண்ணிக்கை உயர்ந்ததற்கு இவை முக்கிய காரணங்கள்.

2025 அறிக்கையிலேயே, டெக்சாஸின் லரேடோவில் 103 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவின் ஆய்வுப் பகுதியில் ஏறத்தாழ 19 பேருக்கு ஒருவர். ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன்? முன்கூட்டியே பரிசோதிக்கும் வசதி இடத்துக்கிடம் வேறுபடுவது ஒரு காரணம் என அறிக்கையே கூறுகிறது. கொள்ளைநோய் என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது. லரேடோவில் இன்னும் கண்டறியப்படாத பிள்ளைக்கு அந்தச் சொல்லால் எந்த உதவியும் கிடைக்காது.

கணக்கில் வராதவர்கள் இல்லாதவர்கள் அல்லர் என்பது போரைக் கடந்து வந்த எங்களுக்குத் தெரியும். ரோஸ்வூட் பெண்களை வீடுவீடாகத் தேடிய கனருக்கும் அது தெரிந்திருந்தது. ஓட்டிசப் பிள்ளைகள் விடயத்தில் மட்டும் அவர் கதவை ஒடுக்கமாகவே வைத்திருந்தார். ஓர் எண் உயரும்போது, யார் தேடினார்கள், எங்கே தேடவில்லை, கண்டறியப்பட்ட பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும்.