பாறைகளுக்கு வயது கண்டவர்

பூமியின் வயது 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டுகளுக்குள் அடங்கும் என்று 1897-இல் கெல்வின் பிரபு கணித்தார். பூமி குளிர்ந்து வரும் வேகமே அக்கணக்குக்கு ஆதாரம். யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது என்பது பின்னர் தெரியவந்தபோது, பாறைக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பது புலப்பட்டது. ஓரிருவர் அதை முன்பே சோதித்துப் பார்த்திருந்தனர். அதை வாழ்நாள் பணியாக ஏற்றவர் 1890-இல் வட இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் ஹோம்ஸ்.

லண்டனில் மாணவராக இருந்தபோதே நார்வே நாட்டுப் பாறையொன்றின் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து, அதன் வயது 37 கோடி ஆண்டுகள் என்று 1911-இல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21.

அறிவு இருந்தது, பணம் இல்லை. கனிமம் தேடும் வேலைக்காக அதே ஆண்டு மொசாம்பிக் சென்றவர் கடும் மலேரியாவில் வீழ்ந்தார். அவர் இறந்துவிட்டதாகவே லண்டனுக்குத் தந்தி போயிற்று. பிழைத்து வந்து, 1913-இல் பூமியின் வயதைப் பற்றி நூல் எழுதினார். 1920-இல் பர்மாவின் எண்ணெய் நிறுவனமொன்றில் சேர்ந்தார். நிறுவனம் நொடித்தது. அதனினும் கொடிது, மூன்று வயது மகனை வயிற்றுக்கடுப்பு நோய்க்குப் பறிகொடுத்தது. ஊர் திரும்பிய விஞ்ஞானி சில காலம் கலைப்பொருள் கடை நடத்திப் பிழைத்தார் என்பதை நம்புவது கடினம். 1924-இல்தான் டர்ஹாம் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

தொல்லுயிர் எச்சங்களே இல்லாத பழம்பாறைகள்தாம் அவரை விடாது ஈர்த்தன. எச்சம் இருந்தால் இரு ஊர்ப் பாறைகளை ஒரே காலத்தவை என்று இணைத்துவிடலாம். கருங்கல்லையும் பண்டைய எரிமலைக் குழம்புப் பாறையையும் எதைக்கொண்டு இணைப்பது? தோற்றம் ஒத்திருந்தால் வயதும் ஒக்கும் என்பது வெறும் ஊகம். அளந்த வயதே துணை என்பது ஹோம்ஸின் வழி. ஆப்பிரிக்காவின் தொன்மையான மலைப்பட்டைகளை அவ்வழியில் 1951-இல் வரிசைப்படுத்தினார். 1955-இல் தீபகற்ப இந்தியா, இலங்கை ஆகியவற்றின் மிகப் பழைய பாறைகளுக்கும் வயது காணும் கட்டுரை வெளியிட்டார். நம் காலடிக் கற்களும் அவர் ஏட்டில் இடம்பெற்றன என்பதைத் தமிழர்கள் பலர் அறியார்.

ஆல்பிரட் நியர் அளந்த ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு, பூமிக்கு ஏறத்தாழ 335 கோடி ஆண்டுகள் என்று 1947-இல் கணக்கிட்டார். அவர் வகுத்த முறையின் வழிவந்தே கிளேர் பேட்டர்சன் 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார்.

1964-இல் வெட்லசன் பரிசு ஹோம்ஸைத் தேடி வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் காலமானார்.